சோற்றுப் பானையில் பச்சோந்தி

என் நாத்தனார் வெலுசுவாவை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பிரிக்கிறவ" என்பார்கள். 'பிரிக்கிறவ கடைக்குப் போறா', 'பிரிக்கிறவகிட்ட தீப்பெட்டி கேளு' என்று அவள் காதில் விழும்படியே பேசுவார்கள். அவள் எந்தப் புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்தாள், எந்த வீட்டைக் கெடுத்தாள் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தர் வாயிலும் பதில் வராது. அவள் பிரித்தது பச்சோந்திக் குட்டிகளை. ஒரே ஈட்டில் பொரிந்த குட்டிகளை எடுத்து ஒவ்வொன்றையும் தனிக் கூண்டில் விட்டாள். அதற்குத்தான் இந்தப் பட்டம். நினைத்தால் இப்போதும் எனக்கு உச்சந்தலை சுடுகிறது.

நாத்தனாரும் அண்ணியும் ஒன்று சேர்ந்துகொண்டால் அந்த வீட்டு ஆம்பளை உருப்பட மாட்டான் என்று என் புருஷன் பொத்ரா அடிக்கடி சொல்வார். உருப்படாமல் போகட்டும்.

வெலுசுவாவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள். முன்னால் நின்று நடத்தியவர் பெரிய மாமா ஜாவுமாகா, என் மாமனாரின் அண்ணன், எங்கள் வளவுக்கே மூத்தவர். "இடுப்பு வந்துடுச்சு, இன்னும் என்ன பார்க்கணும்?" என்றாராம். சம்பிரானு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மிளகுக்காரன் மாப்பிள்ளை. மறு வருஷமே அவள் பிரசவத்தில் செத்துப் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை. இனிமேல் பிள்ளையே கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மிளகுக்காரன் வீட்டார் அவளையும் அவள் பாயையும் ஒரு பஜாஜ் ஆட்டோவில் ஏற்றி எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். பெரிய மாமா வந்து பார்த்தார், "விதி" என்றார், சோறு தின்றார், போனார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது. அந்த ஒரு சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வளவின் மூலையில் ஒரு குடிசையை அவளுக்கு ஒதுக்கினார்கள். அதுவும் "இப்போதைக்கு" என்ற பேரில். அங்கிருந்துதான் அவள் பச்சோந்தி பிடிக்கிறவர்களிடம் வேலைக்குப் போனாள். கொக்கோ மரங்களில் ஏறிப் பிடித்து, துணிப்பைகளில் திணித்து, அம்பன்ஜா டவுனில் வண்டி ஏற்றும் வேலை. ஒரு பையில் எத்தனை அடங்குமோ அத்தனை. பை போய்ச் சேரும்போது பாதி செத்திருக்கும். மீதி ஒன்றின் காலை ஒன்று கவ்வியபடி இருக்கும். கொஞ்ச நாள் பார்த்தாள். ஒருநாள் அந்த முதலாளியின் தலையிலேயே பையைக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டாள். நான் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

பிறகு தானே வளர்க்க ஆரம்பித்தாள். காட்டிலாகா அனுமதிக்கு நடையாய் நடந்தாள். எங்கள் தோப்பிலிருந்து ஒரு ஆண், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையிலிருந்து ஒரு பெண். ஒரே மரத்துச் சொந்தமாக இருக்கக் கூடாது என்பதற்காக அவ்வளவு தூரம் அலைந்தாள். பெண்ணுக்கு வயது நிறையும்வரை ஆணின் கூண்டை அதன் கண்ணிலேயே காட்டவில்லை. எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

"என்ன, உன் மருமகளுக்கு இன்னும் முகூர்த்தம் பார்க்கலையா? நாள் ஓடுதே!"

"உடம்பு முதல்ல வளரணும் அண்ணா. அப்புறம்தான் முட்டை. வளர்ற உடம்புல முட்டை வச்சா முட்டை அவளைத் தின்னுடும்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முட்டைகள் மண்ணில் மாதக்கணக்காய்க் கிடந்து பொரிந்தன. விரல் நுனி அளவுக் குட்டிகள். மூங்கிலும் கொசுவலையும் வைத்துக் கூண்டு கூண்டாகக் கட்டினாள். ஒவ்வொரு கூண்டுக்கும் நடுவில் வாழைச் சருகுத் தடுப்பு. ஏன் இந்த வீண் வேலை என்று நானே கேட்டேன்.

"அது கோழிக்குஞ்சு இல்ல அண்ணி, ஒண்ணா மேயறதுக்கு. ஒண்ண ஒண்ணு பார்த்தாலே போதும், சின்னதுக்கு வயிறு மூடிக்கும். கடிக்கவே வேணாம். பெரியது முறைச்சுக்கிட்டு நின்னாலே சின்னது கண்ண மூடிக்கிட்டு கறுத்துப் போயிடும். சாகுற வரைக்கும் நமக்குத் தெரியாது."

தினமும் ஒவ்வொரு கூண்டிலும் இலையில் தண்ணீர் தெளிப்பாள், சுண்டு விரல் அளவு வெட்டுக்கிளி விடுவாள், அது தின்னும்வரை நின்று பார்ப்பாள். தலைநகரிலிருந்து ஒரு வியாபாரி வருவதாகச் சொல்லியிருந்தார். மரத்திலிருந்து பிடித்ததை அவர் தொட மாட்டார்; எந்தத் தாய், எந்தத் தகப்பன் என்று கேட்டு வாங்குகிறவர். இந்த ஈடு நன்றாக அமைந்து அவர் வருஷா வருஷம் வர ஆரம்பித்தால், அந்த மூலைக் குடிசை அவளுக்கு நிலைக்கும். இல்லையென்றால், அந்த இடத்தைத் தன் பேரனுக்குக் கொடுக்கப் போவதாகப் பெரிய மாமா இரண்டு தரம் ஜாடையாகச் சொல்லியாகிவிட்டது.

குட்டிகளுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவற்றில் பையன்களுக்கு நீலப் பட்டை தெரிய ஆரம்பித்திருந்தது. அந்தச் சமயம் பார்த்து மேலாற்று ஊரில் வெலுசுவாவின் சின்னம்மா செத்துப்போனாள். சாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. கூண்டுகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது, பாலம் அடித்துக்கொண்டு போனது, போனும் கிடைக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அவளால் திரும்ப முடியவில்லை.

இங்கே என் புருஷனுக்கு ஒரு யோசனை வந்தது. வியாபாரி வருவதற்குள் பெரிய மாமாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் தெளிக்கச் சொல்ல வேண்டும். மூத்தவர் வெள்ளைத் தட்டில் இருக்கும் தண்ணீரை வாயில் எடுத்து நம் தலையில் ஊதினால்தான் எங்கள் பக்கத்தில் எந்தக் காரியமும் துலங்கும். பெரிய மாமா வந்தார். வாசலில் வரிசையாக இருந்த கூண்டுகளைப் பார்த்தார்.

"என்னடா இது, ஜெயிலா?"

"பச்சோந்திக் குட்டிங்க பெரியப்பா. தங்கச்சி வளர்க்குது."

"எல்லாம் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்களா?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு நடுவுல சருகு? அண்ணன் மூஞ்சியத் தம்பி பார்க்கக் கூடாதா?"

என் புருஷன் தலையைச் சொறிந்தார். அவருக்கு அந்த ஒரு வேலைதான் நன்றாகத் தெரியும்.

"சேர்ந்தா கல்லு, பிரிஞ்சா மணலுன்னு முன்னோர் சொல்லிட்டுப் போனது மறந்து போச்சா? கூடப் பிறந்ததுங்களப் பிரிச்சு வச்ச வீட்டுல நான் தண்ணி தெளிக்க மாட்டேன். தெளிச்சா, அந்தப் பிரிவு உன் பிள்ளைங்க தலையிலதான் விடியும்."

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். "பெரிய மாமா, அதுங்க மனுஷங்க இல்ல. ஒண்ணா விட்டா கடிச்சுக்கும்."

"கெட்ட வீட்டுப் பிள்ளைங்கதான் கடிச்சுக்கும். நல்ல வீட்டுல பங்கு போட்டுத் தின்னும். நீ போய் அரிசியப் பாரு."

போய் அரிசியைப் பார்க்க வேண்டுமாம்! அவர் சொன்ன பழமொழி பொய் இல்லை. எங்கள் ஊரில் தனியாகச் சோறு தின்கிறவனை நாய்கூட மதிக்காது. ஆனால் அது நமக்குச் சொன்னது. மரத்தில் கிளைக்கு ஒன்று என்று தனியாக வாழ்கிற ஜீவனுக்கு யாரும் அதைச் சொல்லிவிட்டுப் போகவில்லை.

உத்தரவு போட்டாகிவிட்டது, செய்ய ஆள் இல்லை. எங்கள் குடும்பத்தில் பச்சோந்தியைக் கையால் தொடுவது விலக்கு. பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு இனி என்ன விலக்கு என்று வெலுசுவா மட்டும்தான் தொடுவாள். பழைய கோழிக் கூண்டைச் சுற்றி மீன்வலை கட்டினார்கள். ஆண்களெல்லாம் ஆளுக்கொரு நீளக் குச்சியோடு நின்றார்கள். பெரிய மாமா நாற்காலியை இன்னும் பத்தடி பின்னால் போடச் சொல்லி அங்கிருந்து கை காட்டினார். ஒரு குட்டி குச்சியில் ஏறி மெல்ல ஆடி ஆடி என் புருஷனின் கையை நோக்கி வந்தது. அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வளவு நாய்கள் குரைத்தன. விரல் நீளக் குட்டிக்கு இந்தப் பாடு. இவர்கள்தான் அதற்குக் குடும்ப வாழ்க்கை சொல்லிக் கொடுக்க வந்தவர்கள்.

குட்டிகளை ஒன்றாக விட்டார்கள். காலிக் கூண்டுகளை உடைத்து, அதே மூங்கிலை எரித்து, மாட்டுக்கறி வேகவைத்தார்கள். பெரிய மாமா தண்ணீர் தெளித்துவிட்டு, தின்றுவிட்டுப் போனார். ஒரே ஒரு கூண்டை, ஒரு பெண் குட்டியோடு, துணிக்கூடையைக் கவிழ்த்து நான் மறைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என் கைக்கு எட்டவில்லை. நான் பிரித்து வைத்துவிடுவேன் என்று தெரிந்து, பொத்ரா கோழிக் கூண்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

உள்ளே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்கள். பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைத் திரும்பிப் பார்க்காது, இலையில் உருளுகிற சொட்டைத்தான் நக்கும். நான் தினமும் வலை வழியாகத் தண்ணீர் தெளித்தேன், பூச்சி விட்டேன். இரண்டு பெரிய பையன்கள் மேல் கிளையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தின்றார்கள். சின்னவை அடியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன.

"யோவ், சாகுதுய்யா! சாவியைக் குடு!"

"பெரியப்பா தண்ணி தெளிச்சிருக்காரு. ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நாள்ல பழகிடும்."

பழகின. செத்துப் பழகின.

வியாபாரி வருவதற்கு முதல் நாள், இன்னொரு தரம் ஆசீர்வாதம் வாங்குவதற்காக என் புருஷன் பங்காளிகள் எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கறி வெட்டி வாழையிலையில் வைத்திருந்தது. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அரிசி இன்னும் உலையில் போடவில்லை. வாசலில் பஜாஜ் நின்றது. துக்கத்துக்கு அவிழ்த்த தலைமுடியை இன்னும் பின்னாமல் வெலுசுவா இறங்கினாள். சேறு முழங்கால்வரை இருந்தது. நேரே கோழிக் கூண்டருகே போய் நின்றாள்.

வலைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணா, என் கூண்டெல்லாம் எங்க?"

"அது வந்து... பெரியப்பா..."

"எங்கன்னு கேட்டேன்."

"அடுப்புல" என்றேன் நான்.

அவள் நெல் குத்தும் உலக்கையை எடுத்து வந்து பூட்டின் மேல் ஒரே போடு போட்டாள். உள்ளே பாதிக்கு மேல் இல்லை. மிச்சமிருந்தவற்றில் ஒன்றுக்கு வால் பாதி, ஒன்றுக்கு முன்னங்கால் வீங்கிக் கறுத்திருந்தது. அவள் ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றிப் பார்த்தாள். ஒரு பெண்ணை எடுத்தபோதுதான் அவள் முகம் மாறியது. இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய குட்டி கறுத்து, ஆரஞ்சுத் திட்டு விழுந்து, வாயைப் பிளந்து சீறியது. வயிறு புடைத்திருந்தது. அடுத்த பெண்ணும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"அண்ணி, சினையா இருக்குதுங்க. அரை வயசு இப்பத்தான் ஆகுது." அவள் சட்டென்று எழுந்தாள். "இப்பவே தனித்தனியா வைக்கணும். இன்னும் ஒரு மணி நேரம்கூட ஒண்ணா இருக்கக் கூடாது. பாத்திரம் குடுங்க."

"எந்தப் பாத்திரம்?"

"இருக்குற எல்லாப் பாத்திரமும்."

பச்சோந்தி பட்ட பாத்திரத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் சோறு தின்னக் கூடாது. கழுவினாலும் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது, அந்தப் பாத்திரம் சமையலுக்குச் செத்தது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எல்லாவற்றையும் நானே எடுத்துக் கொடுத்தேன். சட்டி, குழம்புப் பாத்திரம், தண்ணீர் வாளி, என் கல்யாணத்துக்கு என் அம்மா கொடுத்த அலுமினியக் குண்டான், எதையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கிளை, ஒரு குட்டி, மேலே துணி. பெரிய சோற்றுப் பானையில் ஈர ஆற்று மணலை நிரப்பி, இருந்ததிலேயே வயிறு பெருத்த பெண்ணை விட்டாள், முட்டையிடத் தோண்டட்டும் என்று. மணலை அள்ளக் கைக்குக் கிடைத்தது பெரிய மாமா தண்ணீர் தெளிக்கிற வெள்ளைத் தட்டு. அள்ளினாள்.

பொத்ரா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, இப்ப எல்லாரும் வந்துடுவாங்களே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தார்கள். பெரிய மாமா முன்னால், பங்காளிகள் பின்னால், எல்லோரும் பசியோடு. பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சோறு வரவில்லை.

"என்னம்மா, இன்னும் வடிக்கலையா?"

"பானை காலியில்ல பெரியப்பா" என்றாள் வெலுசுவா.

அவர் எழுந்து போய்த் துணியை விலக்கினார். உள்ளே இருந்தது வாயைப் பிளந்தது. அவர் அடித்த பாய்ச்சலில் தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"அடிப் பாவி! எல்லாப் பாத்திரத்தையும் கெடுத்து வச்சிருக்கியே! இனிமே இதுல எவன் திம்பான்?"

"எவனும் திங்க வேணாம்."

"பிரிக்கிறவன்னு ஊரே சொல்லுது, சரியாத்தான் சொல்லுது. ஒரு குடும்பத்தச் சேர்த்து வச்சா உனக்குப் பொறுக்கல!"

வெலுசுவா பானையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"அண்ணியோட மகனுக்குக் குரல் உடைஞ்ச அன்னிக்கே தனிக் குடிசை கட்டச் சொன்னது யாரு பெரியப்பா? நீங்கதான். தங்கச்சி பாயில அண்ணன் உட்காரக் கூடாதுன்னு அவனை அடிச்சது யாரு? நீங்கதான். இதுங்களும் வயசுக்கு வந்த அண்ணன் தங்கச்சிதான். ஒரே கூண்டுல தள்ளிப் பூட்டச் சொன்னதும் நீங்கதான். இதோ, இவ வயித்துல இருக்குறது இவ கூடப் பிறந்தவனோட முட்டை. வெள்ளைத் தட்டு இங்கதான் இருக்கு. எடுத்துத் தண்ணி தெளிங்க."

எங்கள் ஊரில் அதைவிட அசிங்கமான பேச்சு கிடையாது. ஒரு பங்காளியின் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொருவர் சத்தமில்லாமல் செருப்பைத் தேடினார். பெரிய மாமா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"இவ இனிமே இந்த வளவுல இருக்கக் கூடாது" என்றார் கடைசியில்.

"அவ போனா நானும் போறேன்" என்றேன் நான். "உங்க பிள்ளையே சமைச்சுப் போடட்டும். எந்தப் பானையிலன்னு அவரே பார்த்துக்கட்டும்."

என் புருஷன் என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "குடிசை இருக்கட்டும் பெரியப்பா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த உருப்படியான பேச்சு அதுதான். ஒவ்வொருவராக எழுந்தார்கள். சேர்ந்தால் கல் என்று சொன்னவர்கள் எல்லோரும் அன்று அவரவர் வீட்டுக்குப் போய்த் தனித்தனியாகத்தான் சாப்பிட்டார்கள்.

மறுநாள் வியாபாரி வந்தார். சினைப் பெண்களைச் 'சீக்கிரம் முட்டையிடும்' என்று சொல்லி விற்றுவிடலாம் என்று பொத்ரா கிசுகிசுத்தார். வெலுசுவா அவரைத் தள்ளிவிட்டு முன்னால் போனாள். "கூடப் பிறந்ததுங்க கலந்துடுச்சு. இந்த வருஷம் விக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். வியாபாரி ஒவ்வொரு பானையாகக் குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சினையாக இருந்தவற்றில் ஒன்றுதான் பிழைத்தது. மற்றவை மணலைத் தோண்டத் தோண்ட முட்டை வராமல், குழியிலேயே செத்தன. சோற்றுப் பானையில் விட்டது கடைசியாகச் செத்தது. வெலுசுவா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதன் வயிற்றைத் தடவிய கையை அது செத்தபிறகும் அவள் எடுக்கவில்லை. "பதினஞ்சு வயசுல எனக்கும் இப்படித்தான் அண்ணி" என்றாள். அதற்குமுன் அவள் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. விதி என்று சொன்ன வாயை நான் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பிழைத்தது இட்ட முட்டைகளை அவள் பொரிக்க வைக்கவில்லை.

துணிக்கூடைக்குள் நான் மறைத்த அந்த ஒரு பெண் மட்டும் வளர்ந்தது. வயது நிறைந்த பிறகு, மலைக்கு அந்தப் பக்கமிருந்து அதற்கு வேறு ஆண் வந்தது. அது முட்டையிட்டுவிட்டு, களைத்து, மறுநாளே வெட்டுக்கிளி தின்றது. வெலுசுவா அன்று பாடிக்கொண்டே கூண்டு கட்டினாள்.

பொத்ரா புதுப் பாத்திரங்கள் வாங்கி வந்தார். பெரிய மாமா ரொம்ப நாள் எங்கள் பக்கம் வரவில்லை. போன கோடையில்தான் மறுபடி வந்தார், ஒன்றும் நடக்காதது போல. நாற்காலியில் உட்கார்ந்து ரம் கேட்டார். என் மகள் ஃபித்தியா தண்ணீர்க் குடத்தோடு வாசலைக் கடந்து போனாள். அவளுக்குப் பதினாலு வயது. அவர் கண் அவள் பின்னாலேயே போனது.

"இடுப்பு வந்துடுச்சே" என்றார். "வனிலாத் தோட்டக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். நல்ல இடம். என்னடா சொல்ற?"

பொத்ராவின் கை தலைக்குப் போனது. எனக்குக் கை கால் எல்லாம் பற்றி எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மூலைக் குடிசையிலிருந்து வெலுசுவாவின் குரல் வந்தது.

"அண்ணி! புதுப் பானையில உலை வச்சாச்சா?"

"இல்ல. இனிமேதான்."

"அப்ப வைக்காதீங்க. அப்படியே இங்க கொண்டாங்க."

அவளிடம் அப்போது பானையில் விடுவதற்குக் குட்டி எதுவும் இல்லை. முட்டைகள் இன்னும் மண்ணுக்குள்தான் இருந்தன. அது அவருக்குத் தெரியாது. நான் பானையைத் தூக்கிக்கொண்டு, பெரிய மாமாவின் முன்னால் நடந்துபோய், அவள் வாசலில் வைத்தேன். திரும்பிப் போய்க் குழம்புச் சட்டியை எடுத்தேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அன்றும் அவர் தன் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிட்டார்.